நீராவி ரயிலின் காலம் 1968இல் முடிந்தது... பிரிட்டனில் அது இன்னும் ஓடுவது ஏன்?

பிரிட்டனின் முக்கிய ரயில்பாதைகளில் அன்றாட நீராவி ரயில் சேவை 1968ஆம் ஆண்டு ஆகஸ்ட்டில் நின்றுபோனது. அந்த ரயில்களைக் கட்டிய நிறுவனங்களின் ஆயுள் அதற்கும் 20 ஆண்டு முன்னரே முடிந்துவிட்டது.

ஆனால் இன்றும் வாரயிறுதியில் அங்கே போய்ப் பாருங்கள். பச்சை, சிவப்பு, நீல நிற இன்ஜின்கள் புகை கக்கிக்கொண்டு ஓடுகின்றன. ஓட்டுபவர்கள், கரி அள்ளிப் போடுபவர்கள், டிக்கெட் கிழிப்பவர்கள் எனப் பலரும் சம்பளம் வாங்காத தொண்டூழியர்கள்.

"பழைய ரயில்தானே, அரும்பொருளகத்தில் நிறுத்திவைத்தால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம்.

போதாது என்பதுதான் அவர்களின் பதில். ஏன் என்று பார்ப்போம்.

ரயில் எப்போது தொடங்கியது?

1825ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் தேதி. வட இங்கிலாந்தின் ஸ்டாக்டன், டார்லிங்டன் ரயில்பாதையில் ஜார்ஜ் ஸ்டீவன்சனின் 'லோகோமோஷன்' இன்ஜின் ஓடியது. பொதுமக்களுக்கான பாதையில் நீராவி இன்ஜின் இழுத்த ரயில் பயணிகளை ஏற்றிச்சென்றது அன்றுதான். 2025இல் பிரிட்டன் அதன் 200ஆம் ஆண்டு நிறைவைக் கொண்டாடியது.

1829இல் ரெயின்ஹில் என்ற இடத்தில் இன்ஜின்களுக்கு ஒரு போட்டி நடந்தது. பரிசு 500 பவுண்டு. ஸ்டீவன்சன் குடும்பத்தின் 'ராக்கெட்' வென்றது. மறு ஆண்டு லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே பாதை திறக்கப்பட்டது. அதன் திறப்பு நாளிலேயே நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் ஹஸ்கிசன் ரயிலில் அடிபட்டு உயிரிழந்தார். புதிய வாகனத்தின் வேகத்தை மக்கள் அப்போது இன்னும் பழகியிருக்கவில்லை.

அது என்ன, இத்தனை ரயில் நிறுவனங்கள்?

தொடக்கத்தில் பாதைகளை அரசாங்கம் போடவில்லை. தனியார் நிறுவனங்கள் போட்டன. ஒவ்வொரு பாதைக்கும் நாடாளுமன்றத்தில் தனிச்சட்டம் வாங்க வேண்டும். ஊருக்கு ஊர் நிறுவனங்கள் முளைத்தன.

ஒவ்வொன்றும் தன் விருப்பப்படி கட்டியது. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் பொறியாளர் இசம்பார்ட் கிங்டம் புருனல் தண்டவாளங்களுக்கு இடையே 2 மீட்டருக்கும் அதிகமான அகலம் வைத்தார். மற்றவர்கள் வைத்தது 1.435 மீட்டர். இரண்டும் சந்தித்த இடங்களில் சரக்கையெல்லாம் இறக்கி வேறு வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது.

கடைசியில் அகலப்பாதை தோற்றது. 1892ஆம் ஆண்டு மே மாதம், ஒரே வாரயிறுதியில் 4,000க்கும் அதிகமான ஊழியர்கள் எஞ்சியிருந்த அகலப்பாதையைக் குறுக்கி முடித்தனர்.

முதல் உலகப் போருக்குப் பிறகு நிறுவனங்கள் பல தடுமாறின. 1921இல் ஒரு சட்டம் வந்தது. 120க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் 1923ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி நான்காக இணைக்கப்பட்டன. 'பெரிய நால்வர்' என்று அவற்றுக்குப் பெயர்.

யார் அந்த நால்வர்?

• கிரேட் வெஸ்டர்ன்: லண்டன் பேடிங்டனிலிருந்து பிரிஸ்டல், கார்ன்வால், வேல்ஸ் வரை. நால்வரில் பழைய பெயரை விடாமல் வைத்துக்கொண்டது இது மட்டுமே. கரும்பச்சை இன்ஜின், புகைபோக்கியின் உச்சியில் செப்பு வளையம், பித்தளைப் பெயர்ப்பலகை. ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்துகளை வைத்து 'கடவுளின் அற்புத ரயில்வே' என்று செல்லப்பெயர்கூட வைத்திருந்தார்கள்.

• லண்டன், மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ்: சுருக்கமாக எல்எம்எஸ். நால்வரில் ஆகப் பெரியது. லண்டனிலிருந்து மேற்குக் கரைப் பக்கமாக ஸ்காட்லந்து வரை. பயணிகள் ரயில் இன்ஜின்களுக்கு அடர்சிவப்பு.

• லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன்: எல்என்இஆர். கிழக்குக் கரைப் பக்கமாக லண்டனிலிருந்து எடின்பரோ. ஆப்பிள் பச்சை. உலகம் அறிந்த 'ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்' இன்ஜின் இவர்களுடையது.

• சதர்ன்: லண்டனுக்குத் தெற்கே. நால்வரில் சிறியது. நீராவியை விட்டு மின்சார ரயிலுக்கு வேகமாக மாறியதும் இதுதான்.

லண்டனிலிருந்து ஸ்காட்லந்துக்குப் போக இரண்டு நிறுவனங்கள், இரண்டு பாதைகள். போட்டி வராமல் இருக்குமா?

1937இல் எல்எம்எஸ் ரயில் ஒன்று மணிக்கு சுமார் 183 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. குரூ நிலையத்துக்குள் அது நுழைந்த வேகத்தில் சமையல் பெட்டியில் இருந்த பீங்கான் தட்டுகள் விழுந்து நொறுங்கின.

எல்என்இஆர் சும்மா இருக்கவில்லை. 1938ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் தேதி, நைஜல் கிரெஸ்லி வடிவமைத்த 'மல்லார்ட்' மணிக்கு 203 கிலோமீட்டரை எட்டியது. ஓட்டியவர் ஜோ டடிங்டன், கரி போட்டவர் தாமஸ் பிரே. அந்த ஓட்டத்தில் இன்ஜினின் ஒரு தாங்கி சூடேறிப் பழுதானது. அதோடு பயணத்தைத் தொடர முடியாமல் பீட்டர்பரோவில் நிறுத்தினார்கள். ஆனால் நீராவி இன்ஜினுக்கான அந்த உலகச் சாதனை இன்றுவரை முறியடிக்கப்படவில்லை.

நீராவி இன்ஜின் எப்படி வேலை செய்கிறது?

சூத்திரம் சுலபம். வேலைதான் கடினம்.

• பின்னால் ஓர் அடுப்பு. அதில் கரி எரிகிறது.

• அனல் பல குழாய்கள் வழியாக முன்பக்கம் பாய்கிறது. அந்தக் குழாய்களைச் சுற்றிக் கொதிகலனில் தண்ணீர். அது கொதித்து நீராவியாகிறது.

• அடைபட்ட நீராவியின் அழுத்தம் ஏறுகிறது. ஓட்டுநர் வால்வைத் திறந்ததும் அது சிலிண்டருக்குள் பாய்ந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் தடி வழியாகச் சக்கரத்தைச் சுற்றுகிறது.

• வேலை முடிந்த நீராவி புகைபோக்கி வழியே சீறி வெளியேறுகிறது. 'சுக்கு... சுக்கு...' என்ற அந்தச் சத்தம் இதுதான். போகும்போது அடுப்பின் புகையையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் அடுப்புக்குள் புதுக்காற்று நுழைந்து நெருப்பு இன்னும் நன்றாக எரிகிறது. வேகமாக உழைக்க உழைக்க நெருப்பும் தானாகவே வலுக்கும்.

கொதிகலனில் தண்ணீர் குறைந்துவிட்டால் ஆபத்து. அடுப்பின் மேல்தகடு நீரில் மூழ்கியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தகடு இளகிக் கொதிகலன் வெடிக்கலாம். அதனால் கரி போடுபவரின் ஒரு கண் எப்போதும் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில்தான்.

கரியை அப்படியே அள்ளி வீசினால் போதும் என்று நினைக்காதீர்கள். எங்கே மெல்லிய படலம், எங்கே தடிப்பு, மேடு வருவதற்கு எத்தனை நிமிடம் முன்னால் போட வேண்டும் எல்லாம் கணக்கு. அந்தக் கணக்கு புத்தகத்தில் கொஞ்சம்தான் இருக்கிறது. மீதி பக்கத்தில் நின்று பார்த்தால்தான் வரும்.

இன்ஜினை 4-6-2 என்கிறார்களே, அது என்ன?

சக்கரக் கணக்கு. முன்னால் பாரம் தாங்கும் சின்னச் சக்கரம் 4, இழுக்கும் பெரிய சக்கரம் 6, பின்னால் 2. இரண்டு பக்கத்தையும் சேர்த்து எண்ண வேண்டும். 'மல்லார்ட்', 'ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்' இரண்டுமே 4-6-2. அடுத்த முறை படத்தில் பார்க்கும்போது நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

பிறகு ஏன் முடிவுக்கு வந்தது?

இரண்டாம் உலகப் போரில் ரயில்பாதைகள் ஓடாய்த் தேய்ந்துபோயின. 1948ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி அரசாங்கம் நால்வரையும் எடுத்துக்கொண்டது. 'பிரிட்டிஷ் ரயில்வேஸ்' பிறந்தது.

நீராவி இன்ஜினுக்குச் செலவு அதிகம், அழுக்கு அதிகம். எரியும் கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட இழுவிசையாக மாறுவதில்லை. காலையில் ஓட வேண்டுமென்றால் பல மணி நேரம் முன்னதாக நெருப்பு மூட்ட வேண்டும். டீசல் இன்ஜினுக்கு அந்தத் தொல்லை இல்லை.

• 1955: டீசலுக்கும் மின்சாரத்துக்கும் மாறும் திட்டம் அறிவிக்கப்பட்டது.

• 1960: பிரிட்டிஷ் ரயில்வேஸுக்காகக் கட்டப்பட்ட கடைசி நீராவி இன்ஜின் 'ஈவ்னிங் ஸ்டார்', ஸ்விண்டன் பட்டறையிலிருந்து வெளிவந்தது.

• 1963: ரிச்சர்ட் பீச்சிங்கின் அறிக்கை வந்தது. 2,000க்கும் அதிகமான நிலையங்களையும் சுமார் 8,000 கிலோமீட்டர் பாதையையும் மூட அது பரிந்துரைத்தது.

• 1968 ஆகஸ்ட் 11: லிவர்பூலிலிருந்து மான்செஸ்டர் வழியாகக் கார்லைலுக்கும் திரும்பவும் கடைசி நீராவி ரயில் ஓடியது. கட்டணம் 15 கினி. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை.

மறுநாளிலிருந்து முக்கியப் பாதைகளில் நீராவிக்குத் தடை.

'ஈவ்னிங் ஸ்டார்' எத்தனை ஆண்டு உழைத்தது தெரியுமா? ஐந்தே ஆண்டு. பல பத்தாண்டுகள் ஓடியிருக்க வேண்டிய இன்ஜின்களையெல்லாம் இரும்புக்கு விற்றார்கள்.

அப்படியென்றால் இன்று ஓடுபவை எங்கிருந்து வந்தன?

மூன்று கதைகள் சொல்கிறோம்.

முதல் கதை: தாலிலின். வேல்ஸில், கற்பலகைச் சுரங்கத்துக்காக 1865இல் போடப்பட்ட குட்டிப் பாதை. அதன் உரிமையாளர் 1950இல் காலமானார். மூடிவிடும் நிலை. எழுத்தாளர் டாம் ரோல்ட்டும் நண்பர்களும் பர்மிங்ஹமில் கூட்டம் போட்டார்கள். "நாமே நடத்தலாம்" என்றார்கள். 1951ஆம் ஆண்டு மே மாதம் ரயில் ஓடத் தொடங்கியது. தொண்டூழியர்கள் ஏற்று நடத்திய உலகின் முதல் ரயில்பாதை அதுதான். 'தாமஸ்' கதைகளை எழுதிய பாதிரியார் ஆவ்ட்ரியும் அங்கே தொண்டூழியராகக் கைகொடுத்தவர்.

இரண்டாவது கதை: புளூபெல். தென் இங்கிலாந்தின் ஒரு கிராமப் பாதையை 1955இல் மூடினார்கள். உள்ளூர்ப் பெண்மணி ஒருவர் பழைய சட்டத்தைப் புரட்டினார். 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பாதையைப் போட்ட நிறுவனம், நாளுக்கு 4 ரயில் விடுவதாக ஒப்புக்கொண்டிருந்தது. நிறுவனம் போய்விட்டது. ஆனால் சட்டம் இருக்கிறதே! பிரிட்டிஷ் ரயில்வேஸ் வேறு வழியில்லாமல் 1956இல் மீண்டும் ரயில் விட்டது. நாடாளுமன்றம் அந்தக் கட்டாயத்தை நீக்கிய பிறகே 1958இல் மூட முடிந்தது. அதற்குள் ஆர்வலர்கள் திரண்டுவிட்டார்கள். 1960ஆம் ஆண்டு ஆகஸ்ட்டிலிருந்து புளூபெல் அவர்கள் கையில் ஓடுகிறது.

மூன்றாவது கதை: பேரி. தென் வேல்ஸில் டாய் வுட்ஹம் என்பவரின் பழைய இரும்புக் கிடங்கு. பிரிட்டிஷ் ரயில்வேஸ் விற்ற ஏறத்தாழ 300 இன்ஜின்கள் அங்கே போய்ச் சேர்ந்தன. சரக்குப் பெட்டிகளை வெட்டுவது சுலபம் என்பதால் அவர் முதலில் அவற்றை வெட்டினார். இன்ஜின்கள் கடற்காற்றில் துருப்பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றன. அந்த இடைவெளிதான் வாய்ப்பு. ஆர்வலர்கள் காசு சேர்த்து ஒவ்வொன்றாக வாங்கினார்கள். மொத்தம் 213 இன்ஜின்கள் தப்பின.

அவற்றில் ஒன்றை நீங்கள் கண்டிப்பாகப் பார்த்திருப்பீர்கள். ஹாரி பாட்டர் படங்களில் வரும் ஹோக்வர்ட்ஸ் எக்ஸ்பிரஸ்! அதன் உண்மைப் பெயர் 'ஓல்டன் ஹால்'. 1937இல் கட்டப்பட்ட கிரேட் வெஸ்டர்ன் இன்ஜின்.

சரி, நிறுவனத்தின் மீது ஏன் இவ்வளவு பற்று?

அந்த 'ஓல்டன் ஹால்' படத்தில் என்ன நிறம்? சிவப்பு. கிரேட் வெஸ்டர்ன் இன்ஜினின் நிறம்? பச்சை. நமக்கு இது சின்ன விஷயம். கிரேட் வெஸ்டர்ன் பிரியர்களுக்கு அப்படியில்லை!

காற்பந்துக் குழுவைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்விண்டன், குரூ, டார்லிங்டன் போன்ற ஊர்கள் ரயில் பட்டறையால் வளர்ந்தவை. அப்பா பட்டறையில், பிள்ளையும் அதே பட்டறையில் என்று தலைமுறை தலைமுறையாக வேலை பார்த்தார்கள். நிறுவனத்தின் நிறம் குடும்பத்தின் நிறமானது. அரசாங்கம் நிறுவனத்தை இணைக்கலாம், பெயரை மாற்றலாம். அந்த ஒட்டுறவைச் சட்டம் போட்டு மாற்ற முடியவில்லை.

அந்தப் பற்றுதான் ஆட்களைத் திரட்டியது. "ஒரு நீராவி இன்ஜினைக் காப்பாற்றுவோம்" என்பதைவிட "நம்ம இன்ஜினைக் காப்பாற்றுவோம்" என்பதற்குத்தான் பணமும் கைகளும் சேர்ந்தன.

'டொர்னேடோ' அதற்குச் சாட்சி. ஏ1 வகை இன்ஜின்கள் 49 கட்டப்பட்டன. எல்லாவற்றையும் உடைத்துவிட்டார்கள். ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1990இல் சில ஆர்வலர்கள் 50ஆவது இன்ஜினைப் புதிதாகக் கட்டக் கிளம்பினார்கள். "வாரத்துக்கு ஒரு பியர் வாங்கும் காசைக் கொடுங்கள்" என்று கேட்டார்கள். மக்கள் கொடுத்தார்கள். பிரிட்டனில் அவ்வளவு பெரிய கொதிகலன் செய்ய இடமில்லாததால் ஜெர்மனியில் செய்து கொண்டுவந்தார்கள். 2008இல் இன்ஜின் ஓடியது. 2017இல் சோதனை ஓட்டத்தில் மணிக்கு 160 கிலோமீட்டரைத் தொட்டது.

அரும்பொருளகத்தில் வைத்தால் ஏன் போதாது?

'மல்லார்ட்' இப்போது யார்க் நகரின் தேசிய ரயில்வே அரும்பொருளகத்தில் நிற்கிறது. அழகாக இருக்கிறது. ஆனால் நெருப்பு இல்லை.

நிற்கும் இன்ஜின் இரும்பை மட்டும் காப்பாற்றும். அதை ஓட்டத் தெரிந்த கைகளைக் காப்பாற்றாது.

கொதிகலன் தைப்பது, தாங்கி வார்ப்பது, நெருப்பைப் பராமரிப்பது எல்லாம் செய்து செய்து வரும் வித்தை. பல மரபுடைமை ரயில்பாதைகளில் புதியவர் முதலில் இன்ஜினைத் துடைக்கத்தான் தொடங்குவார். பிறகு கரி போடக் கற்றுக்கொள்வார். ஓட்டுநராகப் பல ஆண்டு பிடிக்கும். அந்தச் சங்கிலி ஒரு தலைமுறை அறுந்தால், மறுபடி கோப்பது கடினம்.

இப்போது என்ன பிரச்சினை?

கரி: வேல்ஸ் நிலக்கரி நல்ல சூடு தரும், புகை குறைவு. கிரேட் வெஸ்டர்ன் தன் இன்ஜின்களை அந்தக் கரியை மனத்தில் வைத்தே வடிவமைத்தது. வேல்ஸின் ஃபோஸ்-அ-ஃப்ரான் சுரங்கம் 2023 நவம்பரில் மூடப்பட்டது. 2024 செப்டம்பரில் பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையமும் மூடப்பட்டது. சுற்றுச்சூழலுக்கு அது நல்ல செய்தி. ஆனால் ரயில்பாதைகள் இப்போது கப்பலில் வரும் கரியை நம்பியிருக்கின்றன. தாவரக் கழிவு கலந்து செய்யும் மாற்று எரிபொருளைச் சில பாதைகள் சோதித்துப் பார்த்துள்ளன. கரி மாறினால் நெருப்பின் குணமும் மாறும். ஓட்டுபவர்கள் மறுபடி கற்க வேண்டும்.

பணம்: பத்து ஆண்டுக்கு ஒருமுறை கொதிகலனை முழுமையாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். 'ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்' 2016இல் மீண்டும் ஓடியதற்கு முன், சீரமைப்புக்கு மட்டும் 4 மில்லியன் பவுண்டுக்கு மேல் செலவானது.

வயது: 1968இல் 20 வயதாக இருந்தவர் இப்போது 75ஐத் தாண்டியிருப்பார். அன்றாடச் சேவையில் நீராவி இன்ஜின் ஓட்டியவர்கள் மறைந்துவருகிறார்கள். இன்று கற்றுக்கொடுப்பவர்களில் பெரும்பாலோர் அவர்களிடம் கற்றவர்கள். அடுத்து யார் என்பதுதான் கேள்வி. பிள்ளைகளை ஆலை வேலையிலிருந்து காக்க 1920இல் வந்த ஒரு சட்டம், பதின்ம வயதினரைத் தொண்டூழியத்தில் சேர்க்கத் தடையாக இருப்பதாக ஆர்வலர்கள் நாடாளுமன்றம் வரை கொண்டுபோயிருக்கிறார்கள்.

பழைய பெயர்கள் திரும்ப வருகின்றனவா?

வருகின்றன. தனியார் நிறுவனம் ஒன்று 2015இல் 'கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே' என்ற பெயரை எடுத்துக்கொண்டது. லண்டன்-எடின்பரோ ரயில்கள் 2018இலிருந்து அரசாங்கத்தின் கையில் எல்என்இஆர் என்ற பெயரில் ஓடுகின்றன. 2024இல் வந்த சட்டப்படி மற்றப் பயணிகள் ரயில் சேவைகளும் ஒவ்வொன்றாக அரசாங்கத்திடம் திரும்புகின்றன. புதிய குடைப்பெயர் 'கிரேட் பிரிட்டிஷ் ரயில்வேஸ்'.

1948இல் நடந்தது மறுபடி நடப்பது போல இல்லை? ஆனால் ஒரு வித்தியாசம். இந்த முறை பழைய பெயரின் மதிப்பு எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

நமக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தின் முகப்பை நினைவிருக்கிறதா? நான்கு உயரமான சிலைகள், நான்கு ஆங்கில எழுத்துகள். அவை கூட்டாட்சி மலாய் மாநிலங்கள் ரயில்வே என்ற நிறுவனத்தின் முதலெழுத்துகள். நிலையம் 1932இல் திறக்கப்பட்டது, 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி கடைசி ரயில் கிளம்பியது. அந்த ரயில்வேயில் தண்டவாளம் போட்டதிலிருந்து நிலைய அதிபர் பதவிவரை தமிழர்கள் இருந்தார்கள். மலாயாவில் ஓடிய 56 ரக நீராவி இன்ஜின்கள் ஸ்காட்லந்தின் கிளாஸ்கோவில் கட்டப்பட்டவை. அவையும் 4-6-2தான்.

உங்கள் வீட்டில் ரயில்வேயில் வேலை பார்த்த தாத்தா, பெரியப்பா யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். நிறுவனத்தின் பெயரைச் சொல்லும்போது அவர்கள் குரலில் ஒரு பெருமை இருக்கும். ஸ்விண்டனில் இருப்பதும் அதே பெருமைதான்.

நேரில் பார்க்க வேண்டுமா?

• யார்க்: தேசிய ரயில்வே அரும்பொருளகம். 'மல்லார்ட்' இங்கேதான்.

• ஸ்விண்டன்: கிரேட் வெஸ்டர்னின் பழைய பட்டறையே இப்போது அரும்பொருளகம்.

• புளூபெல்: ஷெஃபீல்ட் பார்க்கிலிருந்து ஈஸ்ட் கிரின்ஸ்டெட் வரை. லண்டனிலிருந்து ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டுக்குச் சாதாரண ரயிலிலேயே போகலாம்.

• தாலிலின்: வேல்ஸ் கடற்கரை ஊரான டவினிலிருந்து மலைக்குள் போகும் குட்டி ரயில்.

மரபுடைமை ரயில்கள் பல எல்லா நாளும் ஓடுவதில்லை. குளிர்காலத்தில் இன்னும் குறைவு. கால அட்டவணையைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். சில நாளில் டீசல் இன்ஜின் இழுக்கும். நீராவிதான் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரயில் நின்றதும் இன்ஜின் பக்கம் போய்ப் பாருங்கள். கரி படிந்த முகத்தோடு நிற்பவரிடம் "இது எந்த நிறுவனத்து இன்ஜின்?" என்று கேளுங்கள். பதில் கொஞ்சம் நீளமாக வரலாம். அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்பதையும் பார்த்துவைத்துக்கொள்வது நல்லது.